ஐம்பத்திரண்டு விநாடியும் ஆறு யானைகளும்

கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பன்னிரண்டு செங்கற்கள் நட்டிருந்தார்கள். ஒன்பதுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு மூன்றை மறந்துவிட்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் அதைச் சொல்லாமல் எனக்கு அன்றைய சோறு இறங்கியிருக்காது. அன்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய கவலை என் வலது கைக்குள் இருந்தது.

சுதந்திர தினக் காலை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையின் நடுத்திடல். எனக்கு முன்னால் வரிசைக்கு எட்டுப் பேராக மூன்று வரிசை, மொத்தம் இருபத்துநான்கு பேர். எல்லோரும் பொம்மை வார்க்கும் தொழிலாளர்கள். இன்னும் சற்று நேரத்தில் கொடி ஏறும், அவர்கள் தேசிய கீதம் பாடுவார்கள். அது ஐம்பத்திரண்டு விநாடியில் முடிய வேண்டும். முடியாவிட்டால் என் கைக்குள் இருக்கும் ஸ்டாப் வாட்ச் எனக்கு இல்லை.

மூடிய கை

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இதே பேட்டையில் முப்பத்துநான்கு ஆண்டு பீங்கான் தட்டிப் பார்த்தவன். சூளையிலிருந்து இறங்கும் பொருளை விரல் முட்டியால் தட்ட வேண்டும். நல்லது ‘ணங்’ என்னும். விரிசல் விட்டது ‘டொக்’ என்னும். பதிவேட்டில் ‘ஓசை சரி’ என்று எழுதுவேன், அல்லது ‘விரிசல்’ என்று எழுதுவேன். மூன்றாவது சொல்லுக்கு அங்கே இடமில்லை. அதனால் பேட்டையில் எனக்குப் பெயர் ‘தட்டு சார்’.

ஓய்வு பெற்ற அன்று சூளை அறையில் இருந்த சாவி கொடுக்கும் ஸ்டாப் வாட்சை எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அன்று முதல் அது ஓடாத நாள் இல்லை. எங்கள் வீட்டுப் பால் பொங்க நான்கு நிமிடம் பத்து விநாடி. கருவேப்பிலங்குறிச்சி பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்பது பதினொரு விநாடி. என் மனைவி சரோஜா, “இதோ வரேன்” என்று சொன்ன பிறகு வருவதற்குச் சராசரியாக ஆறு நிமிடம்.

அந்தக் கடிகாரத்தைத்தான் கைக்குள் மூடி வைத்திருந்தேன். தேசிய கீதத்தின்போது நேராக, அசையாமல் நிற்க வேண்டும். கைகள் பக்கவாட்டில் தொங்க வேண்டும், விரல்கள் மடங்கியிருக்க வேண்டும். மடங்கிய விரல்களுக்குள் என்ன இருக்கக் கூடாது என்று விதி எதுவும் சொல்லவில்லை. மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

ஒற்றைக் கால்

என்னுடைய இந்த எண்ணும் வியாதி எப்போது தொடங்கியது என்று சரோஜா அடிக்கடி கேட்பாள். எனக்குத் தெரியும். சேத்தியாத்தோப்பு பக்கத்தில் ஒரு டூரிங் டாக்கீஸில் தொடங்கியது.

அந்தக் காலத்தில் படம் முடிந்ததும் திரையில் கொடி பறக்கும், தேசிய கீதம் ஒலிக்கும். அதற்கு முன் வெளியே ஓடிவிடுவதற்கு ஒரு பெரும் போட்டியே நடக்கும். எனக்கு வயது எட்டோ ஒன்பதோ. என் தாய்மாமன் முன்னால் பாய்ந்து வெளியேறிவிட்டார். நான் பெஞ்சைத் தாண்ட ஒரு காலைத் தூக்கிய நேரத்தில் கீதம் தொடங்கிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: தொடங்கினால் அசையக் கூடாது. அசையவில்லை. ஒரு கால் மணலில், மறு கால் பெஞ்சின் மேலே காற்றில். கீழே விழாமல் இருக்க ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். அறுபத்து மூன்று வரை எண்ணினேன். பயத்தில் வேகமாக எண்ணியிருக்கிறேன் என்று பின்னால்தான் தெரிந்தது. சரியான கணக்கு சுமார் ஐம்பத்திரண்டு விநாடி.

வெளியே மாமன் கேட்டார். “எங்கடா இருந்த இவ்ளோ நேரம்?”

“நின்னுக்கிட்டு இருந்தேன் மாமா.”

“எல்லாரும்தான் வந்துட்டாங்களே!”

“நான் மட்டும் நின்னேன்.”

அந்த ஒரு வாக்கியம் என் வாழ்க்கை முழுவதற்கும் போதுமானதாக இருந்திருக்கிறது.

பதினொரு கடிதங்கள்

எங்கள் பேட்டையில் கொடியேற்றம் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும். ஒவ்வோர் ஆண்டும் கீதம் ஒவ்வொரு நீளத்தில் இருக்கும். கேசட் காலத்தில் டேப் வெயிலில் இளகி, குரல் இழுபட்டு, எழுபத்தொன்பது விநாடி போனது. ஒரு வருடம் பெண்கள் உயரமான குரலிலும் ஆண்கள் பள்ளத்திலும் தொடங்கி, இரு கட்சியும் இரண்டு வரி இடைவெளியில் ஓடின. பெண்கள் முடித்துவிட்டு ஆண்களுக்காகக் காத்திருந்தார்கள்.

இன்னொரு வருடம் ஒலிபெருக்கியில் பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டது. யாரும் அசையவில்லை. கரண்ட் போனால் எவ்வளவு நேரம் நிற்பது? விதியில் இல்லை. நான்கு நிமிடம் நின்றோம். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து வராமல், முதலிலிருந்து வந்தது. கணக்குப்படி அந்த ஆண்டு ஐந்து நிமிடம் பதினெட்டு விநாடி.

ஒவ்வொரு முறையும் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். மொத்தம் பதினொன்று. பதில் வந்தது பூஜ்யம்.

சங்கத் தலைவர் ஜமால் பாய். பன்னிரண்டு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்து இங்கே பொம்மை கம்பெனி போட்டவர். உள்ளங்கை அளவு பீங்கான் யானைகள் அவருடைய சிறப்பு. இந்த ஆண்டு விழாவுக்கு முந்தைய மாதக் கூட்டத்தில் என் பதினோராவது கடிதத்தைச் சத்தமாக வாசித்தார்.

“போன வருஷம் எழுபத்திநாலு விநாடின்னு எழுதியிருக்காரு அண்ணன். கணக்கு கரெக்டாதான் இருக்கும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தாங்க.”

“கேளுங்க பாய்,” என்றேன்.

“தேசிய கீதம் பாடும்போது ஆடாம அசையாம, நேராப் பாத்துக்கிட்டு நிக்கணும். அப்படித்தானுங்க?”

“அப்படித்தான்.”

“அப்ப எழுபத்திநாலுன்னு எப்படித் தெரிஞ்சிச்சு? குனிஞ்சு கடிகாரத்தப் பாத்துக்கிட்டு நின்னது யாருங்கண்ணே?”

கூட்டத்தில் இருபத்தொரு பேர். இருபது பேர் சிரித்தார்கள். பதினொரு ஆண்டு அந்தத் திடலில் அசைந்த ஒரே மனிதன் நான்தான்.

கோபத்தில் எழுந்தேன். “விதியில ஐம்பத்திரண்டு விநாடின்னு இருக்கு!”

“சுமார்னு இருக்குதுங்க.”

“சுமார்னா ஒண்ணு கூட, ஒண்ணு குறைய. இருபத்திரண்டு கூட இல்ல!”

“சரிண்ணே. இந்த வருஷம் நீங்களே நடத்துங்க. எங்க கம்பெனி ஆளுங்களத் தரேன். சொன்ன நேரத்துல முடிச்சீங்கன்னா, இனிமே விழாவுல உங்க பேச்சுதான் சட்டம். முடிக்கலன்னா, கடிதாசியும் கூடாது, கடிகாரமும் எங்கிட்ட வந்துடணும். சம்மதமா?”

சம்மதம் என்றேன். வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொன்னேன்.

“கடிதாசியும் இல்ல, கடிகாரமும் இல்லன்னா நீங்க பகல் பூரா என்ன பண்ணுவீங்க?”

“ஏன், சும்மா இருப்பேன்.”

“சும்மா இருப்பீங்களா? வூட்டுல இருக்கற கடுக எண்ணுவீங்க. எப்படியாச்சும் ஜெயிச்சுட்டு வாங்க.”

எட்டு விநாடி

ஜமால் பாய் ஆட்களைக் கொடுத்தார், நேரத்தைக் கொடுக்கவில்லை. “வேலை நிக்கக் கூடாதுங்கண்ணே. ஆர்டர் இருக்குது.”

பொம்மை வார்ப்பது எப்படி என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரில் மண் ஏடு போலப் படியும். சரியான கனம் படிந்ததும் அச்சைக் கவிழ்த்து மிச்சக் கூழை வடித்துவிட வேண்டும். நேரம் கூடினால் சுவர் தடிக்கும்.

ஜமால் பாய் கம்பெனியில் ஆளுக்கு ஆறு அச்சு. நிமிடத்துக்கு ஒன்றாக ஊற்றுவார்கள். ஆறாவதை ஊற்றியதும் சற்று நேரத்தில் முதலாவதைக் கவிழ்க்கும் முறை வந்துவிடும். பிறகு நிமிடத்துக்கு ஒன்றாகக் கவிழ்க்க வேண்டும். இரண்டு கவிழ்ப்புக்கு நடுவில் சும்மா நிற்பார்கள், பேசுவார்கள்.

முதல் நாள் இதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கவிழ்த்து வடிக்க எட்டு விநாடி. அறுபதில் எட்டுப் போனால்?

ஐம்பத்திரண்டு!

பீங்கான் ஊருக்கென்றே யாரோ கணக்குப் போட்டு வைத்தது போல இருந்தது. ஐம்பத்திரண்டு விநாடி பாட்டு, எட்டு விநாடி கவிழ்ப்பு. ஒரு சுற்றுக்கு ஆறு ஒத்திகை. வேலை ஒரு விநாடியும் நிற்காது.

கண்டிப்பான விதிகள் போட்டேன். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். பாடும்போது கை அச்சைத் தொடக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். கடைசி ஒலி அடங்கிய பிறகுதான் இரண்டு கையையும் நீட்டிக் கவிழ்க்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கவிழ்க்கட்டும் என்று, நான் எதிரே நின்று கைகளை நீட்டிக் கவிழ்த்துக் காட்டுவேன்.

தடித்த யானை

பாட்டைத் தொடங்குபவள் அஞ்சலை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருபவள். நடவு வயலில் பாடி வளர்ந்த குரல், ஒலிபெருக்கி தேவையில்லை. ஆனால் நடுவில் ஓரிடத்தில் இழுப்பாள். அடுத்த வயலில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்பது போல இழுப்பாள்.

“ஏம்மா அங்க இழுக்கற?”

“இழுத்தாத்தானே சார் பாட்டு? இல்லன்னா ரேஷன் கடையில பேர் படிக்கற மாதிரி இருக்கும்.”

முதல் ஒத்திகை எழுபத்தொன்பது விநாடி. ஒவ்வொரு முறைக்கும் இருபத்தேழு விநாடி அதிகம். ஆறாவது அச்சைக் கவிழ்க்கும்போது இரண்டு நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி தாமதமாகியிருந்தது. மறுநாள் காய்ந்த யானைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், முதல் யானை லேசு. ஆறாவதைத் தூக்க முடியவில்லை, உள்ளே கல் வைத்தது போல இருந்தது.

ஜமால் பாய் ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தார். “அண்ணே, நீங்க தேசபக்தியில என் யானையக் கெடுக்கறீங்க.”

“பாட்டு சரியானா யானையும் சரியாயிடும் பாய்.”

உண்மையில் அந்த யானைகள்தான் எனக்கு உதவின. நான் எத்தனை விநாடி என்று சொன்னால் அஞ்சலை சிரிப்பாள். ஆனால் தடித்த யானையைக் காட்டினால் தொழில்காரிக்கு ரோஷம் வந்துவிடும். “இது யாரு யானை?” என்று ஒருத்தி கேட்பாள். “நீ அந்த எடத்துல இழுத்தல்ல, அந்த யானைதான்” என்று இன்னொருத்தி சொல்வாள்.

எழுபத்தொன்பது அறுபத்தெட்டு ஆனது. அறுபத்தொன்று ஆனது. மூன்றாவது வாரம் ஒரு நாள் ஆறு யானைகளும் தராசில் ஒரே எடை காட்டின. அஞ்சலை ஆறையும் தூக்கிக் காட்டி, “இப்ப சொல்லு சார்!” என்றாள். கடிகாரம் ஐம்பத்திரண்டு சொன்னது. அன்று இரவு நான் எதையும் எண்ணாமல் தூங்கினேன் என்று சரோஜா சொல்கிறாள்.

அறுபத்தொன்பது அலைபேசிகள்

விழா நாளில் இன்னொரு விதியும் போட்டேன். கீதம் ஒலிக்கும்போது ஒருவரும் வீடியோ எடுக்கக் கூடாது. கையைத் தூக்கி அலைபேசியைப் பிடித்திருப்பது நேராக நிற்பது ஆகாது. ஒரு பிளாஸ்டிக் கூடையை எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் வாங்கினேன். அறுபத்தெட்டுப் பேரிடம் அறுபத்தொன்பது அலைபேசிகள். ஜமால் பாய்க்கு இரண்டு. கொடியேற்ற வந்திருந்த அதிகாரி அம்மாவிடமும் கூடையை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். கூடையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

“அண்ணே, கழுத்துச் சங்கிலியையும் வாங்கிடுவீங்க போலருக்குதே,” என்றார் ஜமால் பாய்.

வரிசைக்கு எதிரே, கொடிக்கம்பத்தின் ஓரமாகப் போய் நின்றேன். கட்டை விரல் கடிகாரப் பொத்தானின் மேல். திட்டம் எளிமையானது. முதல் ஒலியில் ஓர் அழுத்து, கடைசி ஒலியில் ஓர் அழுத்து. நடுவில் பார்க்க மாட்டேன். பார்த்தால் ஜமால் பாய் என்னைப் பார்ப்பார்.

கொடி ஏறியது. பூக்கள் விழுந்தன. அஞ்சலை தொடங்கினாள். அழுத்தினேன்.

பதினொரு ஆண்டில் முதல் முறையாக நான் குனியவில்லை. கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பழகிய காது ஒன்று உண்டு, அது தானாகவே கேட்கத் தொடங்கியது. இருபத்துநான்கு குரலும் ஒரே பீங்கான் போல ஒலித்தன. அஞ்சலை இழுக்கும் இடம் வந்தது. இழுக்கவில்லை. அந்த இடத்தைச் சுத்தமாகத் தாண்டினாள். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் கண்ணை மூடியிருந்தார். ஒரு கையும் அசையவில்லை.

கடைசி ஒலி அடங்கியது.

இருபத்துநான்கு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, சற்றே குனிந்து, இல்லாத அச்சை எடுத்து, கொடியை நோக்கி மிக மரியாதையாகக் கவிழ்த்தார்கள்.

எட்டு விநாடி அப்படியே வடித்தார்கள்.

‘ஐயோ, யார் இதைச் சொல்லிக் கொடுத்தது?’ என்று நினைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். என் கைகளும் முன்னால் நீண்டிருந்தன. உள்ளங்கைகள் கீழ்நோக்கி இருந்தன. விரல்கள் விரிந்திருந்தன.

கீழே, சுண்ணாம்பு அடிக்காத மூன்று செங்கற்களில் ஒன்றின் மேல், என் கடிகாரம் கிடந்தது.

முள்

முதலில் பேசியவர் அதிகாரி அம்மா. மரியாதைக்காக அவரும் கைகளைப் பாதி நீட்டியிருந்தார். “இது இந்த ஊர் வழக்கமா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜமால் பாய் முந்திக்கொண்டார். “ஆமாங்க மேடம். பீங்கான் ஊருல்லீங்களா. மண்ணுக்கு ஒரு மரியாதைங்க.”

“ரொம்ப அழகாக இருந்தது,” என்றார் அந்த அம்மா.

கூட்டம் கைதட்டியது. நான் உட்கார்ந்து கடிகாரத்தை எடுக்கப் போனேன். அதற்குள் ஜமால் பாய் எடுத்துவிட்டார்.

“எவ்வளவு காட்டுது பாய்?”

கண்ணாடி உடைந்த கடிகார முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். “காட்டறதுக்கு முள்ளு வேணுமேண்ணே. முள்ளே இல்லீங்க.”

முழங்கால் போட்டு மண்ணைக் கிளறினோம். முள் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. யாராவது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டேன். அறுபத்தெட்டுப் பேரும் ஒரே மாதிரி கூடையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அஞ்சலை அருகில் வந்தாள். “சார், எங்கள மட்டும் திட்டாதீங்க. நீங்களும்தான் கவுத்தீங்க. நான் பாத்தேன்.”

“தெரியும்மா.”

“ஒரு அச்சுல நெசமாவே ஊத்தி வச்சிருந்தா யானைய எடை போட்டுக் கண்டுபிடிச்சிருக்கலாம்.”

சரோஜா கூட்டத்திலிருந்து வந்து என் வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டினாள். கடுகு டப்பாவை ஒளித்து வைப்பதைப் பற்றி நினைத்திருப்பாள்.

பந்தயம் பந்தயம்தான். நிரூபிக்க முடியாததை ஜெயித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. “பாய், கடிகாரம் உங்களோடது. கடிதமும் இனிமே இல்ல,” என்றேன்.

ஜமால் பாய் கடிகாரத்தை என் சட்டைப் பையில் போட்டார். “முள்ளு இல்லாத கடிகாரத்த வச்சுக்கிட்டு நான் என்னாண்ணே பண்றது? இது உங்ககிட்டயே இருக்கட்டும். கடிதாசிய மட்டும் நிறுத்திடாதீங்க.”

“ஏன்?”

“சங்கக் கூட்டத்துக்கு இருபத்தோரு பேர் வராங்க. டீக்காக வராங்கன்னா நெனச்சீங்க? உங்க கடிதாசியப் படிக்கறதக் கேக்கத்தான் வராங்க. அதுல எழுதற எண்ணிக்கையெல்லாம் வூட்டுல போயிச் சொல்லிச் சிரிப்பாங்க. இந்த வருஷம் தப்பு நடந்திருக்குது. யாராச்சும் எழுதணுமா வேணாமா?”

பன்னிரண்டாவது கடிதம்

அன்று பிற்பகல் உட்கார்ந்தேன். சங்கத் தலைவர் அவர்களுக்கு. இவ்வாண்டு தேசிய கீதத்தைத் தொடர்ந்து, விதியில் இல்லாத ஓர் அசைவு இருபத்துநான்கு பாடகர்களாலும், அவர்களை நடத்தியவராலும் செய்யப்பட்டது. பாதி அசைவு செய்தவர் ஒருவர். அசைவு கீதம் முழுமையாக முடிந்த பின்னரே நடந்தது என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நடத்தியவர் மீது தக்க நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன். இப்படிக்கு, நடத்தியவர்.

வரும் குடியரசு தினத்துக்கு மற்ற கம்பெனிகளும் ‘அந்தக் கவிழ்ப்பை’ ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி. அதற்கும் ஒரு கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என் நோட்டை எடுத்தேன். பதினொரு ஆண்டு, பதினொரு வரி: எழுபத்தொன்பது, அறுபத்தாறு, ஐந்து நிமிடம் பதினெட்டு, எழுபத்துநான்கு... பன்னிரண்டாவது வரியில் ஆண்டை எழுதினேன். ‘நேரம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

சரோஜா எட்டிப் பார்த்தாள். “அம்பத்திரண்டுன்னு போட்டுடுங்களேன். யாரு கேக்கப் போறா?”

“எண்ணாத எண்ணை எப்படி எழுதறது?”

“அப்ப காலியாவே வுடுங்க.”

காலியாக விட என்னால் முடியவில்லை. முப்பத்துநான்கு ஆண்டு எழுதிய இரண்டு சொற்களை அந்தக் கட்டத்தில் எழுதி, கீழே கோடு போட்டு, நோட்டை மூடினேன்.

ஓசை சரி.